பிறவியா, அடியா?

ஓய்வு பெற்றதும் என் கண்ணுக்கு வேலை குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. காலையில் கொட்டாஞ்சேனைக் கோவிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியைத் திறந்தால், வட்ஸ்அப்பில் நாணயக் குற்றிகள் வரிசையாக நிற்கின்றன. மாளிகாவத்தையிலிருந்து ஒருவர், பாமன்கடையிலிருந்து ஒருவர், யாரென்றே தெரியாத ஒருவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "மிஸ், இது எரர் கொயினா?"

நாணயச்சாலையில் பிழையாக அடிபட்ட குற்றிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து கொழும்பே தன் சில்லறைப் போத்தலைக் கவிழ்த்துப் பார்க்கிறது. போன வாரம் வந்த படம் ஒன்றில் இருபது ரூபாய்க் குற்றியின் நடுவில் துளை. ஆணி அடித்த துளை. ஆணி இன்னும் அதற்குள்ளேயே இருந்தது.

புறக்கோட்டையில் நான் வேலை செய்த கடையில், என் மேசையில் இப்போது இருப்பவர் ஷிஃபானா. அவர் போன் எடுத்துச் சொன்னார்: "மிஸ், ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் அனுப்பி எனக்குத் தொண்ட வத்திப் போச்சு. ஒரு தரம் எழுதித் தாங்க. அத அனுப்பிட்டு நான் என்ட வேலயப் பாக்கிறேன்." ஆகவே எழுதுகிறேன்.

நான் நாணயம் படித்தவள் அல்ல. ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்காளராகத் தொடங்கியவள். ஈயத்தில் கோத்த எழுத்தைத் தாளில் எடுக்காமலே, இடம்வலம் மாறியபடியே வாசிக்கும் பழக்கம் அங்கே எல்லோருக்கும் வந்துவிடும். அச்சுக்கோப்புப் பகுதியை மூடிவிட்டுக் கணினி கொண்டுவந்தார்கள். எங்களில் பலர் வெளியே வந்தோம். புறக்கோட்டையில் பழைய நாணயமும் முத்திரையும் விற்கும் கடைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் எங்கள் பத்திரிகையிலேயே வந்திருந்தது. அந்த விளம்பரத்தின் பிழையைத் திருத்தியதும் நான்தான்.

கடை மாடியில் இருந்தது. முதலாளி நிஸாம் ஹாஜியார் என்னிடம் சான்றிதழ் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குற்றியைக் கையில் தந்தார். அதன் ஒரு பக்கத்தில் எழுத்துகள் மேடாக இல்லாமல் குழிந்து, இடம்வலம் மாறிக் கிடந்தன.

"என்ன எழுதி ஈக்கி?"

வாசித்தேன்.

"முகம் பாக்கிற கண்ணாடி வாணாமா?"

"எதுக்கு?"

"நாளைக்கு வாங்க" என்றார்.

முன்னே அடிக்கப்பட்ட குற்றி அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் தகட்டில் அதன் முகம் இப்படிக் குழிவாக, மாறிப் பதியும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் சில வருடங்கள் இப்படியே போயின. பார்த்தேன், எழுதினேன், ஹாஜியார் அடித்துத் திருத்தினார்.

எங்கள் கடைக்கென்று இரண்டு சொற்கள் இருந்தன. நாணயச்சாலையிலேயே நேர்ந்த குறை "பிறவி". வெளியே வந்தபின் பட்ட சேதம் "அடி". மேசைக்கு வரும் ஒவ்வொரு குற்றியிடமும் கேட்பது ஒன்றுதான்: பிறவியா, அடியா?

கேட்கும் முறை இது. மேசை சன்னலோரம். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும். நேர் மேலே இருந்து விழும் விளக்கு மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிடும். குற்றியைத் துடைக்கக் கூடாது. விளிம்பில் பிடிக்கவேண்டும். முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, பக்கச் சுவரை. ஏனென்றால் ஏமாற்றுகிறவன் முகத்தில்தான் கவனம் வைப்பான். பிறகு தராசு. பிறகு அதே வருடத்து நல்ல குற்றி ஒன்றை அருகில் வைத்து, இரண்டையும் லென்ஸின் கீழே மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சும்: எழுத்து முதலில் வந்ததா, காயம் முதலில் வந்ததா? காயம் முதலில் என்றால் எழுத்து அதன்மேல் ஏறி, இறங்கி, அதற்கு இடம்விட்டு நிற்கும். எழுத்து முதலில் என்றால் காயம் எழுத்தை நசுக்கியிருக்கும், தள்ளியிருக்கும்.

ஓர் உதாரணம். கடித்த பிஸ்கட் போல விளிம்பில் பிறைத் துண்டு குறைந்த குற்றிகள் வரும். தகடு வெட்டும்போதே குறைந்ததா, யாராவது அரத்தால் ராவினார்களா? குறைந்த இடத்தைப் பார்க்காதீர்கள். நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். பிறவி என்றால் அங்கே விளிம்பு சோர்ந்து, மேடு எழாமல் இருக்கும். தகட்டின் விளிம்பை உருட்டி எழுப்பும்போது இந்தப் பக்கம் உலோகம் இல்லாததால் அந்தப் பக்கத்துக்கு அழுத்தம் கிடைத்திருக்காது. அரம் பிடித்தவனுக்கு எதிர்ப்பக்கத்தின் நினைவே வராது. இன்னொன்று: முகத்தில் ஒரு கோடு மேடாக ஓடினால் அச்சில் வெடிப்பு, அது பிறவி. கோடு பள்ளமாக இருந்தால் கீறல். விரல் நகத்துக்கே தெரியும்.

ஹாஜியாரின் சுபாவத்தைச் சொல்லவேண்டும். "போலி" என்ற சொல்லை அவர் வாடிக்கையாளர் முன்னால் சொல்லி நான் கேட்டதில்லை. துறைமுகத்துப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் ஒருநாள் குழிவு எழுத்துக் குற்றி ஒன்று கொண்டுவந்தார். முகம் அழகாகவே மாறிப் பதிந்திருந்தது. ஆனால் மறுபக்கம் தட்டையாகச் சப்பளிந்திருந்தது. இரண்டு குற்றிகளைச் சேர்த்து இரும்பு வைஸில் வைத்து இறுக்கியிருக்கிறார். ஹாஜியார் வந்தவரின் நகக்கண்ணில் இருந்த இரும்புத்தூளைப் பார்த்தார்.

"தம்பி, பிளேன்டீ ஒண்டு குடிங்க" என்றார். பிறகு, "அடி கொஞ்சம் கூடிப் போச்சு."

வந்தவர் சிரித்துவிட்டார். "நானும் அதத்தான் யோசிச்சனான் ஹாஜியார். வைஸ ஒரு சுத்து முந்தியே விட்டிருக்கோணும்."

தேநீர் குடித்து முடிக்கும் வரை இருவரும் துறைமுகத்துச் செய்திகளைக் கதைத்தார்கள்.

இந்த நல்ல மனிதரிடம் மாற்ற முடியாத சட்டங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, தீர்ப்பு எழுதி முடியும்வரை குற்றியின் கதையைக் கேட்கக் கூடாது. வருகிறவர்கள் வாயைத் திறந்ததுமே, "கதை மறுவா. முதல்ல சாமான்" என்பார். கதை கேட்டால் கண் அந்தக் கதையைத்தான் காணும் என்பது அவர் கட்சி. இரண்டாவது, எப்படி நேர்ந்தது என்று சொல்லாமல் தீர்ப்பு எழுதக் கூடாது. கடை தரும், காட் என்று நாங்கள் சொல்லும் சிறிய அட்டையில் "பிறவி" அல்லது "அடி" என்று எழுதினால் போதாது. எதனால் என்ற காரணம் ஒரு வரியிலாவது இருக்கவேண்டும். அதன் கீழே ஹாஜியாரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆட்கள் படியேறி வந்தார்கள்.

காரணங்களை எழுதியவள் நான். கையெழுத்து மட்டும் எப்போதும் அவருடையது. அவர் கண்ணில் புரை விழுந்து, லென்ஸை மாற்றி மாற்றிப் பிடிக்கத் தொடங்கியபோது ஒருநாள் பேனையை என் பக்கம் நகர்த்தினார். "இனி ஏலா மிஸ். அடுத்த காட்டுக்கு நீங்க கையெழுத்து வைங்க."

அன்று மாலை வீட்டில் கையெழுத்தைப் போட்டுப் பழகிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. இத்தனை வருடம் மற்றவர்களின் எழுத்தைத் திருத்தியவளுக்கு, தன் பெயரை ஒரு தீர்ப்பின் கீழே காண்பது சிறிய விஷயமல்ல.

அந்த அடுத்த காட்டுக்குரிய குற்றியைக் கொண்டுவந்தவர் வெள்ளவத்தையில் லோண்டரி நடத்தும் ராஜேஸ்வரி. வெள்ளவத்தை முழுவதும் ராஜி அக்கா என்றால் தெரியும். படியேறி வந்த மூச்சோடு குற்றியை மேசையில் வைத்து, "இது எப்பிடி வந்ததெண்டால்..." என்று தொடங்கினார்.

"கதை மறுவா தங்கச்சி" என்றார் ஹாஜியார்.

பழைய, பெரிய இரண்டு ரூபாய். ஆனால் பெரிதாக இல்லை. பக்கத்தில் வைத்த நல்ல குற்றியைவிடச் சுற்றளவில் குறைவு. விளிம்பு மட்டும் வளையல் போலத் தடித்து எழுந்திருந்தது. பக்கச் சுவரில் இருக்கவேண்டிய சிறு வரிகள் ஒன்றுமில்லை, வழுவழுப்பு. எடை ஒரு துளிதான் குறைவு. நடுமுகத்தில் ஒரு கீறல் கிடையாது. எந்த ஆயுதத்தின் தடமும் இல்லை. அத்தனை வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான ஒழுங்கின்மையை நான் கண்டதில்லை.

ஹாஜியாருக்கு முகம் மலர்ந்தது. நம் சில்லறை இங்கே அடிக்கப்படுவதில்லை. கடல்கடந்த நாணயச்சாலைகளில் அடித்துக் கப்பலில் வருகிறது. அங்கே பல நாடுகளுக்கும் அடிக்கிறார்கள். "வேற நாட்டுத் தகடு மிஸ்! சின்னத் தகடு, ஆனா தடிப்பு. நம்மட அச்சுக்குள்ள மாறி விழுந்து ஈக்கி." வரிகள் ஏன் இல்லை? அந்த நாட்டுக் குற்றிக்கு வரி கிடையாது. விளிம்பு ஏன் தடிப்பு? அது இன்னொரு நாட்டு வழக்கம். என் ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் ஒரு நாடு இருந்தது. கடை நடத்தும் அடுத்த ஏலத்துக்கான விலைப்பட்டியலின் முதல் பக்கத்தை இந்தக் குற்றிக்கென்று ஒதுக்கிவிட்டார்.

நான் ஓரத்து எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய தகட்டில் அடித்திருந்தால் அவற்றின் தலைகள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். இங்கே வெட்டுப்படவில்லை. குற்றியை நன்றாகச் சாய்த்தால், எழுத்துகள் விளிம்பின் அடியில் முழுதாக நுழைந்து போவது தெரிந்தது. பத்திரிகைப் பாஷையில் சொன்னால், வரி வெட்டப்படவில்லை, தாள் அதன்மேல் மடிந்திருந்தது. மடிப்பதற்கு முன்னே எழுத்து இருந்திருக்க வேண்டும். எழுத்து முதலில், காயம் பிறகு. அடி.

ஹாஜியார் நெடுநேரம் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியுது. எனக்குத் தெரியுதில்ல. நான் கண்டதுக்குத்தானே நான் கையெழுத்து வைக்கலாம். நான் கண்டது பிறவி. நீங்க அடி எண்டா, எதால எண்டு எழுதுங்க. பட்டியல் பிரஸ்ஸுக்குப் போக முந்தி எழுத ஏலாட்டி, பிறவி எண்டு நான் கையெழுத்து வைக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் எதால்? சுத்தியலா? தடம் இருக்கும். குழாயில் வைத்து அழுத்தியதா? நடுமுகம் வளைந்திருக்கும். வீட்டில் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை எடுத்து, தொலைக்காட்சி பார்த்தபடி விளிம்பைக் கரண்டியால் தட்டித் தட்டிப் பார்த்தேன். விளிம்பு கொஞ்சம் தடிக்கத்தான் செய்தது. ஆனால் கோணல் கோணலாக. பக்கத்து வீட்டுப் பிலோமினா அன்ரி சுவரில் தட்டி, "பிள்ள, அங்க என்ன கட்டுறீங்க?" என்று கேட்டார். நிறுத்தினேன். ஒன்று விளங்கியது: இது பெரிய அடி ஒன்றல்ல, எண்ணிலடங்காத சின்ன அடிகள், எல்லாம் ஒரே அளவில். அவ்வளவு பொறுமையுள்ள மனிதன் கொழும்பில் இல்லை.

ராஜி அக்கா இரண்டாம் முறை வந்தார். "நான் சொல்ல வந்தது என்னண்டால்..."

"கதை மறுவா தங்கச்சி."

"உங்கட கடையில குத்திக்கு இருக்கிற மரியாதை ஆக்களுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியல் பிரஸ்ஸுக்குப் போகவிருந்த வாரத்தில் மூன்றாம் முறையும் வந்தார். வந்து கதிரையில் அமர்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, கைப்பையிலிருந்து கைக்குட்டை லேஞ்சியில் போட்ட முடிச்சொன்றை எடுத்து அவிழ்த்தார்.

"நான் கதை ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "இது சாமான். பாக்கலாம்தானே?"

சட்டப்படி பார்க்கலாம்தான். லேஞ்சிக்குள் இருந்தது மஞ்சள் நிற ஐந்து ரூபாய். அதற்கும் விளிம்பு தடித்திருந்தது, ஆனால் பாதியளவுதான். பக்க வரிகள் அழிந்தும் அழியாமலும் கிடந்தன. எழுத்துகளை நோக்கி விளிம்பு அப்போதுதான் சாயத் தொடங்கியிருந்தது. இரண்டு ரூபாயில் முடிந்துபோயிருந்த வேலை, இதில் நடந்துகொண்டிருந்த நிலையிலேயே நின்றது.

இரண்டையும் ஹாஜியார் முன்னால் வைத்தேன். வேறு வேறு பெறுமதி, வேறு வேறு உலோகம், வேறு வேறு வருடம். எந்த நாணயச்சாலையும் இந்த இரண்டிலும் ஒரே பிழையை விட்டிருக்க முடியாது. விட்டிருந்தாலும், இரண்டும் ஒரே பெண்ணின் லேஞ்சிக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. இவற்றுக்குப் பொதுவான ஓரிடம் இருக்கவேண்டும், அது ராஜி அக்காவுக்குத் தெரிந்த இடம்.

"ஹாஜியார், இப்ப கதை கேக்கத்தான் வேணும்" என்றேன்.

அவர் ஐந்து ரூபாயை விரலால் தடவினார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லென்ஸைக் கீழே வைத்தார். மூன்று பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். பிறகு, என் நினைவில் முதன்முறையாக, தீர்ப்பு எழுதாத குற்றியின் முன்னால் இருந்துகொண்டு, "கதையச் செல்லுங்க தங்கச்சி" என்றார்.

ராஜி அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"என்ர ட்ரையர் மெஷினுக்குள்ள கிடந்தது."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தேநீர் வந்தபோது மூவருமே சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் சொன்னதைக் கேட்டுக் காரணம் எழுதும் பழக்கம் எங்களுக்கில்லை, காணவேண்டும். அன்று பிற்பகலே ஆட்டோ பிடித்து வெள்ளவத்தைக் காலி வீதிக்குப் போனோம். லோண்டரியின் பின்னறையில் பெரிய ட்ரையர் இரண்டு. ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் அடுக்குமாடிக் குடும்பங்களின் துணிகளும் நாள் முழுவதும் அவற்றில் சுழல்கின்றன. மெஷின் பழுது பார்க்கும் சுனில் வந்து பின்தகட்டைக் கழற்றினான். சுழலும் உருளைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு சந்து. காற்சட்டைப் பையிலிருந்து விழும் குற்றி அதற்குள் போய்விட்டால் வெளியே வர வழியில்லை. உருளை சுழலச் சுழல நிமிர்ந்தபடியே உருண்டு, விளிம்பால் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும். முன்பு சேர்விஸ் செய்தபோது இரண்டைக் கண்டெடுத்து ராஜி அக்காவிடம் கொடுத்தவன் அவன்தான்.

டோர்ச் பிடித்துக் கையை உள்ளே விட்டான். சட்டைப் பொத்தான்கள், கொண்டை ஊசிகள், ஒரு தோட்டின் சுரை. பிறகு, "மே பலன்ன மிஸ்!" என்று சிங்களத்தில் என்னைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் உள்ளங்கையில் மூன்றாவது குற்றி. விளிம்பு எழுந்து, வழுவழுத்து, இன்னும் சூடாக இருந்தது.

ஹாஜியார் உருளையைக் கையால் சுற்றச் சொன்னார். சுனில் குற்றியைத் திரும்பப் போட்டுச் சுற்றினான். டிக், டிக், டிக். ஹாஜியார் காதை வைத்துக் கேட்டார். வேறு நாட்டுத் தகடு என்ற எண்ணம் அவர் முகத்திலிருந்து கழன்று விழுவதைப் பார்த்தேன். விழுந்ததில் அவருக்குத் துக்கம் ஒன்றுமில்லை.

"நான் ஐரோப்பா முழுக்கச் சுத்தி வந்தேன் மிஸ்" என்றார். "சாமான் காலி ரோட்டுல ஈக்கி."

"அப்ப இந்த நாட்டிலயே குத்தி அடிக்கிற மெஷின் என்னட்டத்தான் இருக்கு" என்றார் ராஜி அக்கா. விலை ஒன்றும் கிடைக்காது என்று விளங்கியும் அவர் முகத்தில் வாட்டமில்லை. "ஆனால் எனக்குக் காட் வேணும். மூண்டு முறை படியேறினனான்."

ஹாஜியாரின் சட்டைப்பையில் வெற்றுக் காட் எப்போதும் இருக்கும். அதை எடுத்து, துணி அயன் பண்ணும் மேசையில் என் முன்னால் வைத்தார். எழுதினேன்:

"இலங்கை இரண்டு ரூபாய். நாணயச்சாலையில் குறையின்றி அடிக்கப்பட்டது. பின்னர் துணி உலர்த்தும் இயந்திரத்தின் உருளைக்கும் சுவருக்கும் இடையே நெடுநாள் உருண்டு, விளிம்பு எங்கும் ஒரே சீராகத் தட்டுப்பட்டு உள்நோக்கி மடிந்துள்ளது. ஓரத்து எழுத்துகள் விளிம்பின் கீழே முழுதாக உள்ளன. அடி."

சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு சொல்லும் திருத்தவில்லை. "போடுங்க" என்றார். போட்டேன். வீட்டில் பழகியதைவிடச் சிறிதாகவே வந்தது.

ராஜி அக்கா காட்டை எடுத்து இரண்டு முறை வாசித்தார்.

"மெஷினுக்குள்ள கிடந்தது. இதைத்தானே நான் முதல் நாளே சொல்ல வந்தனான்!"

"ஓம் தங்கச்சி" என்றார் ஹாஜியார். "ஆனா நீங்க கையெழுத்து வைக்க ஏலாதே."

"ஆர் சொன்னது?"

என் கையிலிருந்த பேனையை வாங்கினார். காட்டை அயன் மேசையில் வைத்து, என் பெயருக்குக் கீழே, என்னுடையதைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், "ராஜேஸ்வரி" என்று முழுப் பெயரையும் எழுதிக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் காட்டைக் கண்ணருகே கொண்டுபோய், தூரமாகப் பிடித்து, மறுபடியும் அருகே கொண்டுவந்தார்.

"மிஸ், ஒங்கட கையெழுத்து எனக்குத் தெரியுதில்ல" என்றார். "இது நல்லாத் தெரியுது."

காட்டை ராஜி அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். எங்கள் கடை கொடுத்த காட்களில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தது அது ஒன்றுதான்.